வேலைக்காரி வேடத்தில் 23 ஆண்டுகள்

மேடையில் மகாராணியாக வந்து கைதட்டல் பெறுவது எளிது. பட்டும் பீதாம்பரமும் பாதி வேலையைச் செய்துவிடும். அழுக்கேறிய மேலங்கியும், தலையில் கட்டிய துணியும், கையில் துடைப்பமுமாக வந்து ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தில் ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலம் குடியிருப்பது அத்துணை எளிதன்று. அதைச் செய்து காட்டியவர் ஜீன் அலெக்ஸாண்டர் என்னும் ஆங்கில நடிகை.

1982 ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு கருத்துக் கணிப்பு நடந்தது. கண்டவுடன் யாவரும் அறிந்துகொள்ளக்கூடிய பெண்மணிகள் யார் யார் என்பது கேள்வி. அரசியின் தாயார், அரசி எலிசபெத், இளவரசி டயானா ஆகிய மூவருக்கும் அடுத்தபடியாக நான்காம் இடத்தில் வந்து நின்றவள் ஹில்டா ஆக்டன். முதல் மூவரும் அரண்மனைவாசிகள். நான்காமவளோ மதுச்சாலையில் தரை துடைப்பவள். அதற்கும் மேலாக, அப்படி ஒருத்தி உலகத்தில் பிறக்கவேயில்லை! ஜீன் அம்மையார் நடித்த பாத்திரத்தின் பெயர்தான் அது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் மாலை விளக்கேற்றியதும் தொலைக்காட்சித் தொடருக்கு முன் அமர்வது வழக்கமாகிவிட்டது. நெடுந்தொலைவில் விட்டு வந்த ஊரின் பேச்சையும், வாசலில் இட்ட கோலத்தையும், மாமியார் மருமகள் சச்சரவையும் அந்தச் சிறு கண்ணாடிக்குள் காண்கிறோம். இதை நாடகம் என்று மதிப்பவர் குறைவு. பொழுதைக் கொல்லும் பண்டம் என்று பழிப்பவர் மிகுதி. இங்கிலாந்திலும் இதே பழிப்பு உண்டு. இவ்வகை நாடகங்களுக்கு அங்கே வழங்கும் பெயரிலேயே அது தெரிகிறது. 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் வேளையில், வீட்டு வேலை செய்துகொண்டிருக்கும் பெண்களுக்கென்று தொடர் நாடகங்கள் ஒலிபரப்பாயின. செலவைச் சோப்புக் கம்பெனிகள் ஏற்றன. நடுநடுவே தங்கள் சோப்பைப் புகழ்ந்துகொண்டன. ஆகவே கேலியாக அவற்றுக்குச் 'சோப் ஆப்பரா' என்று பெயர் விழுந்தது. கேலியாகப் பிறந்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

ஹில்டா வாழ்ந்த நாடகத்தின் பெயர் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்'. அதாவது, முடிசூட்டுத் தெரு. மாஞ்செஸ்டர் நகரில் இருந்த கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் 1960 டிசம்பர் 9 ஆம் நாள் அதைத் தொடங்கிற்று. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மாஞ்செஸ்டர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம் அல்லவா, அந்த மாஞ்செஸ்டர்தான். பஞ்சாலைகளும் புகைபோக்கிகளும், ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் தெருக்களும் நிறைந்த வட்டாரம். அதை அடுத்த சால்ஃபர்டு நகரத்துத் தெரு ஒன்றைப் பார்த்து, வெதர்ஃபீல்டு என்று கற்பனைப் பெயர் சூட்டி, இந்நாடகத்தைப் படைத்தவர் டோனி வாரன். அப்போது அவருக்கு வயது 24.

தெருவுக்கு முதலில் வைத்த பெயர் 'ஃப்ளோரிஸெல் தெரு' என்பதாம். அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் பெண்மணி, "இது என்ன, தரை கழுவும் மருந்தின் பெயர் போலிருக்கிறதே!" என்று சொல்ல, பெயரை மாற்றினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. பெரிய பெரிய அதிகாரிகளுக்குத் தோன்றாதது தேநீர் கொடுக்கும் அம்மாளுக்குத் தோன்றியது. பின்னாளில் அத்தெருவின் புகழ் பெற்ற குடிமகளாக ஒரு வேலைக்காரியே விளங்கினாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை இன்னும் சுவைக்கிறது.

முதலில் 13 பகுதிகளுக்கே திட்டம். தொடங்கிய உடனே இது தேறாது என்று எழுதிய பத்திரிகை விமர்சகரும் உண்டு. உலகில் மிக நீண்ட காலமாக நடந்துவரும் தொலைக்காட்சித் தொடர் நாடகம் என்ற பெயரோடு அது இன்றும் நடந்து வருகிறது. ஜோசியம் சொல்வோர் கவனிக்க.

அந்நாடகம் அன்று புதுமையாகத் தோன்றியதன் காரணத்தை நாம் ஒருவாறு உணரலாம். அதுவரை பிரிட்டிஷ் ஒலிபரப்பில் மதிப்புப் பெற்றிருந்தது லண்டன் மேட்டுக்குடியினரின் திருத்தமான உச்சரிப்பு. வடநாட்டு ஆலைத் தொழிலாளர் பேச்சு சிரிப்பு மூட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டது. மேடையில் எல்லோரும் இலக்கணச் செந்தமிழ் முழங்கிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று ஒருவர் வந்து கலப்பற்ற நெல்லைப் பேச்சோ கொங்குப் பேச்சோ பேசினால் நம் காது எப்படி நிமிரும்! வடபுலத்து மக்களுக்கு அப்படி இருந்தது. அவ்வட்டாரத்தை விட்டு ஆஸ்திரேலியா, கனடா, நியூஜிலாந்து என்று பிழைக்கப் போனவர்களுக்கோ அது வெறும் நாடகமன்று. விட்டு வந்த தெரு. 1966 இல் நடிகர் சிலர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபோது அவர்களைக் காண மக்கள் திரள் திரளாகக் கூடினர். இது எவ்வகைப் பசி என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நிற்க. ஜீன் அம்மையாரின் வரலாற்றுக்கு வருவோம்.

1926 அக்டோபர் 11 ஆம் நாள், லிவர்ப்பூல் துறைமுக நகரத்தில், டாக்ஸ்டெத் பகுதியில் பிறந்தவர். இயற்பெயர் ஜீன் மார்கரெட் ஹாட்ஜ்கின்ஸன். தந்தையார் மின்சார வேலை செய்தவர். நாடகத்தில் ஆசை இருந்தும் உடனே அதில் குதித்துவிடவில்லை. ஐந்து ஆண்டுகள் நூலகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். 1949 இல்தான், 22 வயதில், மாக்கிள்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். பின்னர் ஓல்டம், ஸ்டாக்போர்ட், யார்க் என்று ஊர் ஊராக நாடகக் குழுக்களோடு உழைத்தார்.

அக்காலத்து ஆங்கில நாடகக் குழுக்களின் உழைப்பு நம்முடைய பாய்ஸ் கம்பெனிகளின் உழைப்புக்குச் சிறிதும் இளைத்ததன்று. பல குழுக்களில் வாரம் ஒரு புதிய நாடகம். மாலையில் இந்த வார நாடகத்தை ஆட வேண்டும். பகலில் அடுத்த வார நாடகத்தை ஒத்திகை பார்க்க வேண்டும். இரவில் படுக்கப் போகும்போது பாடம் நெட்டுருச் செய்ய வேண்டும். நடிப்பதோடு உடை தைப்பதும், மேடைப் பொருள்களைக் கட்டிக் காப்பதும் நடிகர் தலையிலேயே விழும். ஜீன் அம்மையாரும் இவ்வேலைகளையெல்லாம் பார்த்தவர். சம்பளம் சொற்பம். இப்படியே பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. பத்திரிகைகளில் படம் வரவில்லை. பெயரை அறிந்தவர் சிலரே.

1962 இல் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' நாடகத்தில் ஒரு வீட்டுக்காரம்மாளாகச் சில காட்சிகளில் வந்து போனார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனியாததும் நல்லதாயிற்று, ஏனெனில், 1964 ஜூலை மாதத்தில் அதே நாடகத்தில் வேறொரு பாத்திரமாக அவர் மறுபடி வந்தபோது, முன்னே பார்த்த முகமாயிற்றே என்று கேட்பாரில்லை. அப்போது அவருக்கு 37 வயது. வந்தவள்தான் ஹில்டா ஆக்டன், 13 ஆம் எண் வீட்டுக்காரி.

ஹில்டாவின் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் அந்நடிப்பின் அருமை விளங்கும். கணவன் ஸ்டான், ஜன்னல் துடைக்கும் தொழிலாளி. தொழிலாளி என்பது பேச்சுக்குத்தான். உழைப்பைக் கண்டால் பத்தடி விலகி நிற்பான், பீரைக் கண்டால் விலகமாட்டான். ஆகவே குடும்பப் பாரம் ஹில்டாவின் தோளில். 'ரோவர்ஸ் ரிட்டர்ன்' என்ற மதுச்சாலையில் அவள் தரை துடைக்கிறாள். அதன் தலைவி ஆனி வாக்கர் தன்னைப் பெரிய இடத்துப் பெண்மணியாக எண்ணிக்கொள்பவள். டோரிஸ் ஸ்பீட் என்ற அருமையான நடிகை ஏற்ற வேடம் அது. அவள் மூக்கை உயர்த்திக்கொண்டு கட்டளையிடுவதும், ஹில்டா வாயைக் குவித்துக்கொண்டு பதில் சொல்வதும் காண்போருக்குப் பெருவிருந்து. ஹில்டா ஊர் வம்பு பேசுபவள். பிறர் வீட்டுக் கடிதத்தின் உறையைப் பார்த்தே உள்ளே உள்ளதை ஊகிப்பவள். வேலை செய்துகொண்டே கீச்சுக் குரலில் பாடி அக்கம்பக்கத்தாரை வதைப்பவள். ஆயினும் தன் வீட்டைத் தாழ்வாக எண்ணாதவள். கூடத்துச் சுவர் முழுவதும் இயற்கைக் காட்சி அச்சிட்ட தாளை ஒட்டச் செய்து, அதன்மேல் சுதையால் செய்த மூன்று வாத்துகளைப் பறக்கவிட்டாள். நடு வாத்து எப்போதும் தலைகீழாகச் சரிந்தே தொங்கும். சுவரோவியத்துக்கு ஆங்கிலத்தில் 'மியூரல்' என்று பெயர். ஹில்டாவின் நாவில் அது 'மியூரியல்' ஆயிற்று. மியூரியல் என்பது அங்கே பெண்களுக்கு இடும் பெயர்! வருவோர் போவோருக்கெல்லாம் "என் மியூரியலைப் பார்த்தீர்களா?" என்னும் பாவனையில் அவள் அதைக் காட்டுவாள்.

இவளைக் கோமாளியாக்கிவிடுவது மிக எளிது. நூற்றுக்குத் தொண்ணூறு நடிகைகள் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஜீன் அம்மையார் அவளைக் கோமாளியாக்கவில்லை. தலையில் கர்லர் என்னும் சுருள் உருளைகளை மாட்டி, அவற்றின்மேல் துணியைக் கட்டிக்கொண்டு வருவது ஹில்டாவின் அடையாளம். அது வெறும் வேடிக்கைக்காகப் புனைந்த கோலமன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லிவர்ப்பூலில் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை அவர் பார்த்திருந்தார். மாலையில் யாரேனும் எங்கேனும் அழைத்தால் உடனே புறப்பட முடியும்படி, அவர்கள் பகலெல்லாம் கூந்தலைச் சுருளிலேயே வைத்திருப்பார்களாம். அந்த நினைவிலிருந்து எடுத்ததே ஹில்டாவின் தலைக்கோலம். ஹில்டாவுக்கு எந்த மாலையிலும் அழைப்பு வருவதில்லை. இருந்தும் கூந்தல் காத்திருக்கிறது. இருபத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்தது! சிரித்துக்கொண்டே பார்த்தவர்களில் இதைக் கண்டுகொண்டவர் எத்தனை பேரோ, நாம் அறியோம். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஏதோ ஒன்று நெஞ்சைப் பிசைந்ததை எல்லோரும் உணர்ந்திருப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. நம் குடியிருப்புகளில் காலையில் மணியடித்து உள்ளே வந்து, பாத்திரம் துலக்கி, தரை துடைத்துப் போகும் பெண்மணி தன் வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறாள் என்பது நம்மில் யாருக்காவது தெரியுமா? ஹில்டா வீட்டுச் சுவரில் இருப்பது பிரிட்டனில் கோடிக்கணக்கானவருக்குத் தெரிந்திருந்தது.

அறிவாளிகளும் அவளிடம் மயங்கினார்கள். 1979 இல் ஹில்டா ஆக்டனுக்கென்று ஒரு ரசிகர் சங்கமே தோன்றிற்று. அரசவைக் கவிஞர் ஜான் பெட்ஜமன், நடிகர் திலகமாக ஆங்கிலேயர் போற்றிய லாரன்ஸ் ஒலிவியர், தொலைக்காட்சிப் பேட்டியாளர்கள் ரஸல் ஹார்ட்டி, மைக்கேல் பார்க்கின்ஸன் ஆகியோரின் பெயர்கள் அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்டன. விளையாட்டாகத் தொடங்கியதுதான் என்றாலும், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் மன்னர்களாக நடித்தவர் ஒரு துடைப்பக்காரியின் நடிப்புக்குத் தலை வணங்குவதென்பது விளையாட்டன்று.

ஸ்டான் வேடத்தில் நடித்தவர் பெர்னார்டு யூவென்ஸ். முணுமுணுத்துப் பேசும் சோம்பேறியாக வந்த அவர், நாடகத்துக்கு முன்பு அதே கிரனாடா நிறுவனத்தில் அறிவிப்பாளராக இருந்தவர்; குரல் வளமும் திருத்தமான பேச்சும் உடையவர். இருபது ஆண்டுகள் இருவரும் கணவன் மனைவியாக நடித்தனர். நாட்டில் பல உண்மைத் தம்பதிகளைக் காட்டிலும் மக்கள் இவர்களையே நன்கு அறிந்திருந்தனர். நெடுநாள் நோயுற்றிருந்த யூவென்ஸ் 1984 ஆகஸ்டு மாதத்தில் காலமானார். பாத்திரத்தையும் இறக்கச் செய்வதன்றி நாடக ஆசிரியர்களுக்கு வேறு வழியில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஸ்டான் இறந்ததாகக் காட்டினார்கள்.

சவ அடக்கம் முடிந்த பின் வரும் காட்சியைப் பற்றி அந்நாட்டில் இன்றும் பேசுகிறார்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள். ஹில்டா தனியே இருக்கிறாள். ஸ்டானின் பொருள்களைக் கட்டி மருத்துவமனையிலிருந்து கொடுத்த பொட்டலம் மேசைமேல் கிடக்கிறது. அதைப் பிரிக்கிறாள். உள்ளே அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டுக்கொண்டு வருகிறது. மார்பில் அடித்துக்கொண்டு கதறும் காட்சிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு கண்ணாடிக் கூடு இத்தனை வேலை செய்யும் என்பது வியப்பாக இருக்கிறது. இருபது ஆண்டுத் தோழர் உண்மையிலேயே மறைந்து மூன்று திங்களே ஆன நிலையில் அம்மையார் நடித்த காட்சி அது. அங்கே நடிப்பு எங்கே முடிந்தது, துயரம் எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழிக்க நமக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டு நடிப்புக்காக ராயல் தொலைக்காட்சிச் சங்கம் 1985 இல் அவருக்குச் சிறந்த நடிப்புக்கான விருதை வழங்கியது.

இடையில் ஒரு செய்தி. அதே 1984 ஜூலை மாதத்தில்தான் நம் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடங்கியது. டில்லியிலும் பம்பாயிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இந்தி பாதி புரிந்தும் பாதி புரியாமலும், அக்குடும்பத்தாரின் சுகதுக்கங்களில் பங்குகொண்டன. அதுவே நம் நாட்டுத் தொடர் நாடகங்களுக்கெல்லாம் மூத்தது. இங்கே முதல் தொடர் தொடங்கிய வேளையில் அங்கே ஹில்டா 20 ஆண்டுகளை முடித்திருந்தாள்.

தொடர் நாடக நடிகையின் தொழிலில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பாத்திரம் புகழ் பெறப் பெற நடிகை மறைந்துகொண்டே போவாள். வாரத்துக்கு இரண்டு பகுதிகள், ஆண்டு முழுவதும். வேறு வேடம் ஏற்க ஓய்வும் இல்லை. ஏற்றாலும் மக்கள் ஒப்புவதும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். நிலையான வருவாயும் உண்டு. அதை உதறிவிட்டு வெளியே வந்தால் பிழைப்பு என்னாகும் என்ற அச்சம் எவருக்கும் இருக்கும். இருந்தாலோ, ஒருநாள் நிறுவனத்தாரே வெளியே அனுப்பிவிடக்கூடும். ஹில்டா தோன்றிய அதே 1964 இல் 'கிராஸ்ரோட்ஸ்' என்ற மற்றொரு தொடர் பர்மிங்ஹாம் நகரிலிருந்து தொடங்கியது. அதன் நாயகி நோயல் கார்டன். 17 ஆண்டுகள் அந்நாடகத்தின் உயிர்நாடியாக விளங்கிய அவரை 1981 இல் திடீரென்று விலக்கினார்கள். நேயர்கள் எழுப்பிய கூக்குரல் பயன்படவில்லை. 1985 இல் அவர் காலமானார். அவர் பட்ட துயரத்தை வைத்தே 2023 இல் 'நாலி' என்ற தொலைக்காட்சி நாடகம் வந்தது. விலக்கியபோது கிடைக்காத நியாயம் ஒருவாறு அப்போது கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஜீன் அம்மையார் பிறர் முடிவுக்குக் காத்திராமல் தாமே முடிவு செய்தார். 1987 இல், புகழின் உச்சியில் இருக்கும்போது, போதும் என்றார். அவருக்கு அப்போது 61 வயது. பணம் பெருகும் காலம், அதைப் பொருட்படுத்தவில்லை. ஹில்டாவைச் சாகடிக்காமல் அனுப்பினார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. அவள் வேலை செய்துவந்த மருத்துவர் வீட்டில் திருடர் புகுந்த நிகழ்ச்சியில் மருத்துவரின் மனைவி இறக்கிறாள், ஹில்டாவும் காயமுறுகிறாள். மருத்துவர் டெர்பிஷையர் நாட்டுப்புறத்துக்குக் குடிபெயர்கிறார். வீட்டைக் கவனித்துக்கொள்ள அவளையும் அழைக்கிறார். 13 ஆம் எண் வீட்டை இளந்தம்பதிகளுக்கு விற்றுவிட்டு அவள் புறப்படுகிறாள்.

1987 கிறிஸ்துமஸ் நாளன்று அந்தக் கடைசிப் பகுதி ஒளிபரப்பாயிற்று. தெருவே மதுச்சாலையில் கூடி அவளுக்கு விடை கொடுக்கிறது. எத்தனையோ ஆண்டுகள் எந்தத் தரையை முழந்தாளிட்டுத் துடைத்தாளோ, அந்தத் தரையில் நின்றுகொண்டு, போர்க்காலத்து விடைபெறும் பாட்டொன்றைத் தன் பழைய கீச்சுக் குரலில் பாடுகிறாள். யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. மறு ஒளிபரப்பையும் சேர்த்து 2 கோடியே 66 லட்சம் பேர் அதைப் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 5 கோடியே 70 லட்சம். ஏறக்குறைய இருவருக்கு ஒருவர்!

1988 இல் சிறந்த நடிகைக்கான பாஃப்டா பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அதில் நமக்குச் சிறிது வருத்தந்தான்.

இனி இவருக்கு வேறு வேடம் ஏது என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். 1988 இலேயே பி.பி.சி.யின் 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்' என்ற நகைச்சுவைத் தொடரில் வெயின்ரைட் அத்தை என்ற பாத்திரமாக வந்தார். பழைய தட்டுமுட்டுச் சாமான் விற்கும் கடைக்காரி. உள்ளே நுழைந்தவன் எவனும் எதையாவது வாங்காமல் வெளியேற முடியாது. ஹில்டா ஏமாளி என்றால் இவள் எவரையும் ஏமாற்றுபவள். ஒரே நடிகையா இருவரும் என்று கேட்கும்படி நடித்தார். அத்தொடர் 2010 இல் முடியும் வரை, தம் 83 ஆம் வயது வரை, அதில் நடித்தார். 1989 இல் 'ஸ்கேண்டல்' என்ற திரைப்படத்திலும் தோன்றினார். அவ்வாண்டே தம் தன்வரலாற்றையும் வெளியிட்டார். 2005 இல் ஒரு தொலைக்காட்சி வார இதழ் நடத்திய வாக்கெடுப்பில், தொடர் நாடக நட்சத்திரங்களிலெல்லாம் தலைசிறந்தவர் என்று வாசகர்கள் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். ஹில்டாவை விட்டு 18 ஆண்டுகள் கழிந்த பிறகு!

அவருடைய சொந்த வாழ்வைப் பற்றிப் பரபரப்பாக எழுதப் பத்திரிகைகளுக்கு அவர் இடமே வைக்கவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. நாடறிந்த மனைவியாக இருபது ஆண்டுகள் நடித்தவர், லிவர்ப்பூலுக்கு வடக்கே ஸவுத்போர்ட் என்ற கடற்கரை ஊரில் தனியே அமைதியாக வாழ்ந்தார். 2012 இல் நடிப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 2016 அக்டோபர் 14 ஆம் நாள், 90 வயது நிறைந்த மூன்றாம் நாள், ஸவுத்போர்ட்டில் காலமானார். முடிசூட்டுத் தெருவைப் படைத்த டோனி வாரன் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில்தான் மறைந்திருந்தார்.